உப்புநீர் மீன் தொட்டியில் தண்ணீர் குறைந்தால்

உப்புநீர் மீன் தொட்டியில் மட்டம் இறங்கினால் உப்பு கலக்காத தண்ணீரையே ஊற்றுங்கள். தொட்டியை நிரப்பிய அன்றே கண்ணாடிக்கு வெளியே மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டால், தினமும் அதுவரை நிரப்பினால் போதும்.

ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். உப்பு உள்ளேயே தங்கிவிடும். அதனால் மறுபடி உப்புநீரை ஊற்றினால், லிட்டருக்கு சுமார் 35 கிராம் இருக்க வேண்டிய உப்பு ஏறிக்கொண்டே போகும், விலை கூடிய கடல் உப்புக் கலவையும் வீண். கத்திரி வெயிலில் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் ஃபேன் ஓடும் அறையில் மட்டம் சட்டென்று இறங்கும், அப்போது இந்தக் கோடு ரொம்பவே உதவும். ஊற்றுவதற்கு ஆர்.ஓ. தண்ணீர் நல்லது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் பல இடங்களில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும், அதை நம்ப வேண்டாம்.

தண்ணீர் மாற்றும்போதும் தொட்டி கசிந்தாலும் இது பொருந்தாது. தண்ணீரோடு உப்பும் வெளியேறிவிடுவதால், கலவையைக் கரைத்து, ஹைட்ரோமீட்டரில் (நீரின் அடர்த்தியை வைத்து உப்பின் அளவைக் காட்டும் கருவி) 1.025 வருகிறதா என்று பார்த்துத்தான் ஊற்ற வேண்டும். அப்புறம், சம்ப் (மீன் தொட்டிக்குக் கீழே இணைத்து வைக்கும் துணைத்தொட்டி) வைத்த தொட்டி என்றால் மோட்டார் ஓடும்போது சம்பில் கோடு போடுங்கள். மேல்தொட்டியில் மட்டம் இறங்குவதே தெரியாது.