டிமென்ஷியா (மறதி நோய்) உள்ளவங்களை ஆஸ்பத்திரில சாப்பிட வைக்கிறது எப்படி

தட்டைத் தள்ளி வச்சா அடம்னு நினைச்சிடாதீங்க, வெள்ளைத் தட்டுல வெள்ளை இட்லி இருந்தா அவங்க கண்ணுக்கே தெரியாம போகலாம், அதனால வீட்டுலேர்ந்து சிவப்போ நீலமோ ஒரு தட்டு கொண்டு போங்க. பல்செட்டும் கண்ணாடியும் போட்டாச்சான்னு முதல்ல பாருங்க, இதைத்தான் நிறைய பேர் மறந்துடுறோம். நேரா நிமிர்ந்து உக்கார வச்சு, டிவியை ஆஃப் பண்ணிட்டு, எதிர்ல உக்காந்து நீங்களும் ரெண்டு வாய் சாப்பிடுங்க, அதைப் பார்த்து அவங்களும் கை வைப்பாங்க. ஸ்பூன் பிடிக்க வரலைன்னா நர்ஸ்கிட்ட கேட்டுட்டு நெய் தடவின இட்லியைச் சின்னத் துண்டா கையிலயே குடுங்க. முழுங்கினதைப் பார்த்துட்டுத்தான் அடுத்த வாய், அவசரமே வேணாம். இருமினாலோ, தொண்டையில தண்ணி தேங்கின மாதிரி குரல் மாறினாலோ உடனே நிறுத்திட்டு நர்ஸைக் கூப்பிடுங்க. சாப்பிட்டதும் அரை மணி நேரம் படுக்க வைக்காதீங்க.