பழைய தமிழ்ப் பத்திரிகையில் ஒரு விளையாட்டுச் செய்தியைத் தேடிப் பிடிப்பது எப்படி?

இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு நான் எடுத்த தலைப்பு, கொழும்பின் விளையாட்டுக் கழகங்களைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகைகள் என்ன எழுதின என்பது. 1899இல் தொடங்கிய தமிழ் யூனியன் கழகமும் பொரளையில் உள்ள அதன் சரவணமுத்து மைதானமும்தான் மையம். வழி பிடிபடவே மூன்று மாதம் போய்விட்டது. இந்த வருடம் கம்பஸில் தங்கச்சி ஒருத்தி அதே கேள்வியோடு வந்தாள். அவளுக்குச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

1. முதலில் தேதி

பழைய பத்திரிகைகளுக்குச் சொல்லடைவு கிடையாது. “கிரிக்கெட் செய்தி வேண்டும்” என்று கேட்டால் யாராலும் எடுத்துத் தர முடியாது. தேதி சொல்லிக் கேட்டால் முடியும். அதனால் நிகழ்வின் தேதியை வேறு இடத்தில் உறுதிப்படுத்திக்கொண்டு கிளம்புங்கள். இலங்கையின் முதல் டெஸ்ட் போட்டி இங்கிலாந்துக்கு எதிராக 1982 பெப்ரவரி 17ஆம் தேதி இதே மைதானத்தில் தொடங்கி 21ஆம் தேதி முடிந்தது. காலைப் பத்திரிகையில் செய்தி மறுநாள்தான் வரும். ஆகவே 18 முதல் 22 வரை பாருங்கள். தொடங்குவதற்கு முந்திய வாரத்தையும் விடாதீர்கள், எதிர்பார்ப்புக் கட்டுரைகள் அங்கேதான் இருக்கும். 21ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. வாரவெளியீடு தனித் தொகுப்பாகக் கட்டப்பட்டிருக்கலாம், அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

2. வீட்டிலிருந்தே நூலகம் தளத்தில் தேடுங்கள்

2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், சிறப்பு மலர்கள் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. நான் சறுக்கிய இடமும் இதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

“கிரிக்கெட்” என்று மட்டும் தேடி, ஒன்றும் இல்லை என்று இரண்டு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். நம் ஊர்ப் பழைய எழுத்தில் அது “கிறிக்கெற்”. இன்னொருவர் “கிரிக்கெற்” என்பார், மற்றொருவர் “துடுப்பாட்டம்” என்பார். டெஸ்ட் என்பது “ரெஸ்ற்” ஆகவும் இருக்கும். ட, ற, ர மூன்றும் இடம் மாறும் சொற்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடுங்கள். ஆட்களின் பெயருக்கும் இதே கதைதான். கிரிக்கெட் வீரர் சதாசிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள், சதாசிவம் என்று தேடினால் ம. சதாசிவம், மகாதேவா சதாசிவம் இரண்டும் வரும். முதலெழுத்தை விட்டுவிட்டுத் தேடுவதே நல்லது.

இன்னொன்று. பழைய இதழ்கள் படங்களாக ஸ்கான் செய்யப்பட்டவை. உங்கள் தேடல் தலைப்பிலும், தட்டச்சு செய்த உள்ளடக்கப் பட்டியலிலும்தான் விழும், பக்கத்துக்குள்ளே விழாது. ஆகவே “முடிவு இல்லை” என்றால் செய்தியே இல்லை என்று பொருள் அல்ல. அந்த ஆண்டின் இதழ்களைத் திறந்து கண்ணால் பாருங்கள். கிடைத்ததும் அந்தப் பக்கத்தில் உள்ள நூலக எண்ணைக் குறித்துவிடுங்கள்.

உங்கள் வீட்டுப் பரணில் ஏதாவது கழகத்தின் பழைய ஆண்டு மலர் கிடந்தால் தயவுசெய்து ஸ்கான் செய்யக் கொடுங்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு எரிந்தவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாதவையும் இருந்தன. உங்களிடம் இருப்பதும் கடைசிப் பிரதியாக இருக்கலாம்.

3. நேரில் போவது

தேசிய சுவடிகள் கூடம் கொழும்புப் பல்கலைக்கழகத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், கொழும்பு 7இல் இருக்கிறது. அடையாள அட்டையும் துறைத் தலைவரின் கடிதமும் எடுத்துப் போங்கள். வாசகர் அனுமதி பெற அவை உதவும். 1877இல் தொடங்கிய கொழும்பு தேசிய நூதனசாலை நூலகமும், வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகமும் என் அடுத்த தெரிவுகள். தமிழ்ச் சங்கத்தில் மலர்களும் சிற்றிதழ்களும் தேடுவது எனக்குப் பிடிக்கும்.

படம் எடுக்கலாமா என்று கேட்டு, அனுமதி தந்தால் முதல் படம் பத்திரிகையின் பெயரும் தேதியும் உள்ள மேல்பகுதி, இரண்டாவது பக்க எண், மூன்றாவதுதான் செய்தி. ஒரு நூலகத்தில் நாற்பது செய்திகளைத் தேதி இல்லாமல் படமெடுத்து வந்து, அத்தனைக்கும் திரும்பப் போனேன். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

4. ஸொட்டெரோவில் சேர்ப்பது

துணைநூற்பட்டியலைக் கையால் எழுதவே வேண்டாம். சேர்த்து வைத்த விவரங்களிலிருந்து பட்டியலைத் தானே அமைத்துத் தரும் மென்பொருள்தான் ஸொட்டெரோ. அது இலவசம், எனக்கு அதைவிட நல்லது கிடைக்கவில்லை. நிறுவுவதை விளக்கவில்லை, எளிதுதான். கவனிக்க வேண்டியது பெயர். ஆசிரியர் இடத்தில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டிகள் வரும். நமக்கு முன்னால் நிற்பது தகப்பனார் பெயர் அல்லவா? பெட்டிக்குப் பக்கத்தில் உள்ள சிறு பொத்தானை அழுத்தினால் இரண்டும் ஒன்றாகும். அதில் “சரவணமுத்து, பா.” என்று நீங்களே தட்டினால் அப்படியே அச்சாகும், அகரவரிசையும் சரியாக வரும். மேற்கோளிலும் முதலெழுத்தோடுதான் வரும். மேற்பார்வையாளர் சம்மதிக்கிறாரா என்று முன்பே கேளுங்கள்.

பின்சேர்க்கை: பதிவைப் படித்த இரண்டு பேர், “பிடிஎஃப் கோப்பில் சொல் கண்ணுக்குத் தெரிகிறது, தேடினால் இல்லை என்கிறது” என்று எழுதியிருந்தார்கள். அது பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பாக இருக்கும். பாமினி என்பது யூனிகோடுக்கு முந்திய பழைய எழுத்துரு, உள்ளே ஆங்கில எழுத்தை வைத்துக்கொண்டு வெளியே தமிழ் வடிவத்தைக் காட்டும். ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக வந்தால் பாமினியேதான். தேடும் சொல்லை யூனிகோடில் தட்டி, இணையத்தில் கிடைக்கும் மாற்றியில் பாமினியாக மாற்றி, அந்தக் கிறுக்கலைத் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். இருவருக்கும் வேலை செய்தது.