பேய்க்காதல் கதைகளைப் பிள்ளைகளோடு சேர்ந்து வாசிப்பது எப்படி

திருகோணமலை உவர்மலையில் என் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை பின்னேரங்களில் ஏழெட்டுப் பெண்பிள்ளைகள் கூடுவார்கள். தரம் 10 முதல் உயர்தரம் வரை படிப்பவர்கள். ஆங்கில வகுப்பாகத் தொடங்கியதில் இப்போது பாதி நேரம் இரத்தக்காட்டேரிகளோடும் ஓநாய் மனிதர்களோடும் கழிகிறது. கைபேசியில் இரவிரவாக அவர்கள் வாசிப்பது இவற்றைத்தான். ஏழு பிறவியாகத் துரத்திவரும் ஆவி, மனித உருவெடுத்த நாகம், சாபம் பெற்ற இளவரசன் என்று தமிழ்த் தொடர்களும் ஏராளம். தாய்மார் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "டீச்சர், இதை எப்படி நிறுத்துவது?" நிறுத்த வேண்டாம், கூட இருந்து வாசியுங்கள் என்பேன். அதை எப்படிச் செய்வது என்றுதான் எழுதுகிறேன்.

முதல் வேலை, முழுக் கதையையும் நீங்கள் வாசிப்பது. வாசிக்காமல் திட்டினால் பிள்ளை ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவாள். அதன் பிறகு உங்கள் வாயிலிருந்து வரும் எதுவும் அவள் காதில் ஏறாது. 2005 முதல் 2008 வரை வெளிவந்த, ஸ்டெபனி மேயரின் 'ட்வைலைட்' வரிசையின் நான்கு நாவல்களையும் நான் வாசித்தேன். பிள்ளைகளுக்கு அவை ஏன் பிடிக்கின்றன என்பது நூறு பக்கத்துக்குள் விளங்கிவிட்டது. வகுப்பில் யாரும் திரும்பிப் பார்க்காத ஒருத்தியை ஒருவன் முழுதாகக் கவனிக்கிறான். பதினாறு வயதில் அந்த ஆசை வருவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அதை முதலில் பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

பிறகு ஒரு காட்சியை எடுத்து, அதிலிருந்து கோரைப்பல்லைக் கழற்றிவிடுங்கள். முதல் நாவலில் இரத்தக்காட்டேரியான எட்வர்ட், நாயகி பெல்லாவுக்குத் தெரியாமல் இரவில் அவள் அறைக்குள் வந்து அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். இதையே நம் ஊரில் நடப்பதாக எழுதச் சொன்னேன்: உப்புவெளியில் ஒரு வீடு, திறந்த ஜன்னல், பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பையன். ஒரு பிள்ளை நான்கு வரி எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டாள். "டீச்சர், நாய் குரைக்குமே" என்றாள். வேறொருத்தி, அவன் எத்தனை நாளாக வருகிறான் என்று பெல்லா ஏன் கேட்கவில்லை என்றாள். நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதுதான் இந்தப் பயிற்சியில் மிகவும் கடினமான பகுதி.

ஆண் பெண்ணை இடம் மாற்றிப் பார்ப்பது இன்னொரு வழி. அந்த நாவலாசிரியையே 2015இல் முதல் கதையை அப்படி மாற்றி எழுதினார். எனக்கு அந்த வழியில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. பெண் செய்தாலும் கட்டுப்பாடு கட்டுப்பாடுதான். கோரைப்பல் அப்படியே இருந்தால் மயக்கமும் அப்படியே இருக்கும்.

இனித்தான் கடினமான இடம். மூன்றாவது நாவலான 'எக்லிப்ஸ்'இல், பெல்லா தன் நண்பன் ஜேக்கப்பைப் பார்க்கப் போய்விடக் கூடாது என்று எட்வர்ட் அவளுடைய வண்டியின் இயந்திரத்தில் ஒரு பாகத்தைக் கழற்றிவிடுவான். இது பிழை என்று நீங்கள் சொன்னால் பிள்ளை வாதாடுவாள். "ஜேக்கப் ஓநாயாக மாறுகிறவன், டீச்சர். இன்னோர் ஓநாய் மனிதனுக்கு ஒரு கணம் கோபம் கைமீறியதால்தானே அவனுடைய காதலி எமிலியின் முகத்தில் அந்தத் தழும்பு வந்தது?" பிள்ளை சொல்வது உண்மை. கதைக்குள் ஆபத்து மெய்யாகவே இருக்கிறது. காவல் காப்பதும் கட்டிப்போடுவதும் ஒன்றுபோலத் தெரிவது அதனால்தான்.

இதை நான் புத்தகத்திலிருந்து கற்கவில்லை. 1997இல் எனக்கு இருபத்திரண்டு வயது. ஊரெங்கும் சோதனைச்சாவடிகள், பொழுது சாய்ந்தால் வீதிகள் வெறித்துவிடும். ஒருநாள் சிநேகிதி வீட்டுக்குப் புறப்பட்டு முற்றத்துக்கு வந்தேன். என் சைக்கிளின் இரண்டு சக்கரங்களிலும் காற்று இல்லை. எனக்குப் பேசி முடித்திருந்தவர்தான் இறக்கிவிட்டிருந்தார். மறைக்கவும் இல்லை. "உன்னுடைய பாதுகாப்புக்காகத்தான்" என்றார். அம்மா அதைப் பாசம் என்றார். நானும் அப்படித்தான் நம்பினேன். அந்த நாட்களில் ஆபத்து பொய்யில்லையே.

சில மாதங்கள் கழித்துத்தான் ஒன்று உறைத்தது. அவருடைய வீட்டுக்கு நான் அதே வீதியால், அதே சாவடியைத் தாண்டி, அதே நேரத்தில் போனால் ஆபத்து இல்லை. அந்தச் சிநேகிதி வீட்டுக்குப் போனால் மட்டும் ஆபத்து. திருமணப் பேச்சு நின்றுபோனது வேறு கதை. பத்தாண்டுகளுக்கு மேல் கழித்து அந்த வண்டிக் காட்சியை வாசித்தபோது, புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு விளக்கு வைக்கும் நேரம் வரை அப்படியே இருந்துவிட்டேன்.

ஆகவே ஆபத்து இல்லை என்று பிள்ளையோடு வாதாடாதீர்கள். இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு கேளுங்கள். அந்த ஆபத்தைப் பற்றித் தெரிந்த எல்லாவற்றையும் அவன் அவளிடம் சொன்னானா? சொன்ன பிறகு முடிவெடுத்தது யார்? அவன் விதித்த தடை எல்லா இடத்துக்கும் பொருந்துகிறதா, அல்லது அவனுக்குப் பிடிக்காத ஒருவரிடம் போகும்போது மட்டுமா? ஓரத்தில் பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். கைபேசியில் வாசிப்பவளுக்கு ஒரு கொப்பி போதும்.

"நான் பொல்லாதவன், என்னை விட்டு விலகிவிடு" என்று சொல்லும் நாயகன் இந்த வகைக் கதைகளில் தவறாமல் வருவான். பிள்ளைகள் அதை நேர்மை என்பார்கள். சொன்னவன் விலகிப் போனானா என்று பாருங்கள். எச்சரிக்கையையும் கொடுத்துவிட்டு ஜன்னலடியிலும் நிற்கிறவன், நாளை நடக்கப்போவதற்கான பழியை இன்றே அவள் தலையில் ஏற்றிவிடுகிறான். விதி, முன்பிறவிப் பந்தம் என்று வந்தால் அதிகம் பேசத் தேவையில்லை. கடைசி நாவலில் ஜேக்கப், பெல்லாவுக்கு அப்போதுதான் பிறந்த குழந்தையோடு விதியால் பிணைக்கப்படும் இடத்தில் பிள்ளைகளே முகம் சுளிக்கிறார்கள்.

நாயகியின் உலகம் எவ்வளவு சுருங்குகிறது என்பதையும் எண்ணச் சொல்லுங்கள். முதல் அத்தியாயங்களில் அவள் எத்தனை பேரோடு பேசுகிறாள், பாதியில் எத்தனை பேர், முடிவில் எத்தனை பேர். 'நியூ மூன்' நாவலில் எட்வர்ட் பிரிந்துபோன பிறகு ஒக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று மாதப் பெயர் மட்டும் அச்சிட்ட பக்கங்கள் வரும். வேறொரு சொல் இருக்காது. பிரிவுத் துயருக்கு அது அழகான உத்தி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிறகு அவனுடைய குரல் மனதுக்குள் கேட்க வேண்டும் என்பதற்காகப் பெல்லா பாறை உச்சியிலிருந்து கடலில் குதிக்கிறாள்.

அந்த அத்தியாயத்துக்கு நான் விறாந்தையில் வகுப்பு எடுப்பதில்லை. பிரட்ரிக் கோட்டை வாசலால், மான்களைத் தாண்டி, கோணேசர் மலைக்கு நடத்திக்கொண்டு போவேன். மேலே ஒல்லாந்தர் காலத்துத் தூண் ஒன்று நிற்கிறது. 1687இல் பிரான்சினா வான் ரீட் என்ற ஒல்லாந்தப் பெண், காதலன் கப்பலேறிப் போவதைப் பார்த்துப் பாறையிலிருந்து குதித்தாள் என்று அதைக் காட்டிச் சொல்வார்கள். அவள் சாகவில்லை, பின்னர் இன்னொருவரை மணந்து வாழ்ந்தாள் என்று பழைய பதிவுகளைக் கொண்டு எழுதியிருக்கிறார்கள். இரண்டையும் சொல்லிவிட்டு, குதித்த கதையை மட்டும் ஊர் ஏன் பிடித்து வைத்திருக்கிறது என்று கேட்பேன். சென்ற முறை ஒரு பிள்ளை, பிரான்சினாவின் அடுத்த பத்து ஆண்டுகளை எழுதப்போகிறேன் என்றாள். எழுதிக்கொண்டிருக்கிறாள்.

இப்படி வாசிக்கும்போது ஒரு பிள்ளை திடீரென்று பேச்சை நிறுத்திவிடுவது உண்டு. எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். கைபேசியை வாங்கிப் பார்க்காதீர்கள். அவளை அப்படிச் சோதிக்க ஏற்கெனவே ஒருவன் இருக்கலாம். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கவும் வேண்டாம். யாரிடம் சொல்லலாம் என்று அவளையே கேளுங்கள். இலங்கையில் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சிறுவர் உதவி இலக்கம் 1929, பெண்களுக்கு 1938. மணமான அக்காவைப் பற்றிப் பேச்சு வந்தால், 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் அடியை மட்டும் வன்முறையாகக் கொள்ளவில்லை, கடுமையான மனரீதியான கொடுமையையும் சேர்த்தே சொல்கிறது என்றும், நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம் என்றும் சொல்லிவையுங்கள்.

அப்படிப்பட்ட நாட்களில் நான் அந்தப் பிள்ளையோடு சந்தி வரைக்கும் நடப்பேன். அவள் பேசினால் கேட்பேன். பேசாவிட்டால் பஸ் வரும்வரை கூட நிற்பேன்.