முகவரிப் பட்டையில் தட்டியே பிரவுசரை ஓட்டுவது எப்படி

பிரவுசரின் முகவரிப் பட்டை நம்மில் பலருக்கு இரண்டே வேலைக்குத்தான் பயன்படுகிறது: தளத்தின் பெயரைத் தட்ட, இல்லையென்றால் எதையாவது தேட. ஆனால் அது ஒரு கட்டளை வரியும்கூட. திறந்து கிடக்கும் ஐம்பது டேபுக்குள் வேண்டியதை எடுத்து முன்னால் நிறுத்தும், போன வாரம் பார்த்த பக்கத்தைத் தோண்டி எடுக்கும், ஒரே எழுத்தில் தமிழ் விக்கிப்பீடியாவுக்குள் தேடும். இதற்கு எந்த நீட்சியையும் (எக்ஸ்டென்ஷன்) நிறுவத் தேவையில்லை. கணினியில் ஓடும் ஃபயர்ஃபாக்ஸை வைத்து முதலில் விளக்குகிறோம், ஏனென்றால் இந்த விஷயத்தில் அதுதான் முன்னால் நிற்கிறது. குரோமுக்கு என்ன மாறும் என்பது பின்னால் வருகிறது.

முதல் பழக்கம், மவுஸைத் தொடாமல் பட்டைக்குப் போவது. கன்ட்ரோல் விசையோடு எல், மேக்கில் கமாண்ட் விசையோடு எல். எஃப்6 விசையும் அதே வேலையைச் செய்யும். தட்டி முடித்து எண்டர் அடித்தால் இருக்கும் டேபிலேயே பக்கம் திறக்கும். ஆல்ட் விசையோடு எண்டர் அடித்தால் புது டேபில் திறக்கும். படித்துக்கொண்டிருக்கும் பக்கத்தைப் பறிகொடுக்காமல் இருக்க ஆல்ட்-எண்டரைக் கைக்குப் பழக்கிக்கொள்ளுங்கள்.

குறிகள்

பட்டையில் சாதாரணமாக ஒரு சொல்லைத் தட்டினால் ஃபயர்ஃபாக்ஸ் எல்லாவற்றையும் கலந்து காட்டும்: தேடுபொறியின் பரிந்துரை, பழைய பக்கம், புக்மார்க், திறந்திருக்கும் டேப். அதில் எது வேண்டும் என்று சொல்வதற்குத்தான் இந்தக் குறிகள்.

% – திறந்திருக்கும் டேப்கள் மட்டும்
^ – ஹிஸ்டரி மட்டும்
* – புக்மார்க் மட்டும்
+ – புக்மார்க்குக்கு நீங்கள் போட்ட டேக் மட்டும்
# – சொல் பக்கத்தின் தலைப்பில் இருக்க வேண்டும்
$ – சொல் முகவரியில் இருக்க வேண்டும்
? – தேடுபொறி மட்டும்
> – பிரவுசருக்கே இடும் கட்டளைகள்

இதில் நாள் முழுக்கக் கைகொடுப்பது %தான். % தட்டி, ஒரு ஸ்பேஸ் விட்டு, ‘மின்’ என்று தட்டினால் மின்கட்டணப் பக்கம் எந்த விண்டோவில் ஒளிந்திருந்தாலும் பட்டியலில் வந்து நிற்கும். கீழ் அம்புக்குறியால் அதைத் தேர்ந்து எண்டர் அடித்தால் அந்த டேபுக்கே தாவும், அதே பக்கத்தை இரண்டாம் முறை திறக்காது. பிரைவேட் விண்டோவில் இருப்பவை மட்டும் இதில் வராது, வரவும் கூடாது.

ஆரம்பத்தில் எல்லோரும் தடுமாறுவது அந்த ஸ்பேஸில்தான். குறியும் சொல்லும் ஒட்டிக்கொண்டால் ஃபயர்ஃபாக்ஸ் அதைக் குறியாக எடுத்துக்கொள்ளாமல் தேட வேண்டிய சொல்லின் பகுதியாக நினைக்கலாம். குறியைத் தனியாக நிறுத்துங்கள். முதலில் குறி தட்டி ஸ்பேஸ் விட்டதும் பட்டையின் இடது ஓரத்தில் ‘டேப்கள்’, ‘ஹிஸ்டரி’ என்பது போல ஒரு சின்னப் பெட்டி தோன்றினால் கட்டளை புரிந்துவிட்டது என்று அர்த்தம். தவறான குறியைப் போட்டுவிட்டால், கர்சர் வரியின் தொடக்கத்தில் இருக்கும்போது பேக்ஸ்பேஸ் அடியுங்கள், பெட்டி போய்விடும். +, #, $ குறிகளுக்கு இந்தப் பெட்டி வராது. அவை வடிகட்ட மட்டுமே.

சொற்களின் வரிசை முக்கியமில்லை. ‘^ ரயில் மதுரை’ என்றாலும் ‘^ மதுரை ரயில்’ என்றாலும் இரண்டு சொல்லும் உள்ள பக்கங்கள்தான் வரும். பட்டியலில் வேண்டாத பழைய பக்கம் ஒன்று அடிக்கடி தலைகாட்டினால் அதன்மேல் நின்று ஷிஃப்ட்-டெலீட் அடியுங்கள், ஹிஸ்டரியிலிருந்தே நீங்கிவிடும். அது புக்மார்க்காக இருந்தால் இப்படி நீங்காது. ஹிஸ்டரியை நினைவில் வைக்கவே கூடாது என்று செட்டிங்ஸில் அடைத்திருப்பவர்களுக்கு ^ குறியால் பயனில்லை. தேட அங்கே எதுவும் இருக்காது.

இந்தக் குறிகளில் இன்னொரு லாபமும் உண்டு. தேடல் பரிந்துரைகள் இயங்கும்போது நீங்கள் தட்டத் தட்ட எழுத்துகள் தேடுபொறிக்குப் போய்க்கொண்டே இருக்கும். %, ^, * போட்டுத் தேடினால் தேடல் உங்கள் கணினிக்குள்ளேயே முடிகிறது.

> குறி கொஞ்சம் வேறு வகை. அதைத் தட்டி ஸ்பேஸ் விட்டால் ஸ்கிரீன்ஷாட் எடு, டவுன்லோடுகளைத் திற, ஹிஸ்டரியை அழி போன்ற செயல்களின் பட்டியல் வரும். 2025 ஏப்ரலில் வந்த 138-ஆம் பதிப்பிலிருந்து குறி போடாமல் செயலின் பெயரைத் தட்டினாலே பொத்தான் தோன்றுகிறது. மெனுவில் எது எங்கே இருக்கிறது என்று தேடிச் சலித்தவர்களுக்கு நல்ல வசதி.

உங்கள் சொந்தக் கட்டளைகள்

மேலே சொன்னவை எல்லாம் பிரவுசர் கொடுத்தவை. உண்மையான பலன் நீங்களே கட்டளை செய்யும்போதுதான் வரும். ஃபயர்ஃபாக்ஸில் ஒவ்வொரு புக்மார்க்குக்கும் ‘கீவேர்டு’ என்று ஒரு கட்டம் உண்டு. அந்தச் சொல்லைப் பட்டையில் தட்டினால் அந்தப் பக்கம் திறக்கும். புக்மார்க்கின் முகவரிக்குள் சதவீதக் குறியும் ஆங்கிலச் சிற்றெழுத்து எஸ்ஸும் சேர்த்துப் போட்டிருந்தால், கீவேர்டுக்குப் பின் நீங்கள் தட்டுவது அந்த இடத்தில் போய் உட்காரும். இதை இங்கே %எஸ் என்று எழுதுகிறோம். நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.

தமிழ் விக்கிப்பீடியாவுக்குக் கட்டளை செய்வோம்.

1. தமிழ் விக்கிப்பீடியாவைத் திறந்து, அதன் தேடல் பெட்டியில் அர்த்தமே இல்லாத ஆங்கில எழுத்துக் கோவை ஒன்றைத் தட்டித் தேடுங்கள். நான்கு முறை இசட் போதும்.

2. முடிவுப் பக்கத்தின் முகவரியைக் காப்பி செய்யுங்கள்.

3. கன்ட்ரோல்-ஷிஃப்ட்-ஓ அடித்தால் புக்மார்க் லைப்ரரி திறக்கும். அங்கே புது புக்மார்க் சேர்த்து, பெயராக ‘விக்கி’ என்றும் முகவரியாகக் காப்பி செய்ததையும் போடுங்கள்.

4. முகவரிக்குள் இருக்கும் நான்கு இசட்டை மட்டும் அழித்து, அந்த இடத்தில் %எஸ் போடுங்கள். அதன் முன்னும் பின்னும் ஸ்பேஸ் வரக்கூடாது.

5. கீவேர்டு கட்டத்தில் ஆங்கில ‘வி’ எழுத்தைப் போட்டுச் சேமியுங்கள்.

இனி பட்டையில் அந்த எழுத்து, ஸ்பேஸ், ‘கல்லணை’, எண்டர். அவ்வளவுதான், கட்டுரை திறந்துவிடும்.

ஏன் அர்த்தமில்லாத எழுத்துகள்? இரண்டு காரணம். விக்கியில் அந்தப் பெயரிலேயே கட்டுரை இருந்தால் தேடல் முடிவுக்குப் போகாமல் நேராகக் கட்டுரைக்கே கொண்டுபோய்விடும். அப்போது உங்கள் கையில் கிடைப்பது தேடல் முகவரி அல்ல. இரண்டாவது, தமிழில் தேடினால் முகவரி அடையாளம் தெரியாமல் போகும். பட்டையில் ‘யானை’ என்று அழகாகத் தெரிவது, காப்பி செய்து ஒட்டும்போது %ஈ0%ஏஈ என்று ஆரம்பித்து 36 எழுத்துக்கு நீளும். யூனிகோடில் ‘யானை’ என்பது ய, கால், ன, இணைக்கொம்பு என்று நான்கு குறியீடு. ஒவ்வொன்றும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் முகவரியில் மூன்று எழுத்து. அதில் எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்று கண்டுபிடித்து வெட்டுவது வீண் சிரமம்.

லைப்ரரியில் கீவேர்டு கட்டம் தெரியவில்லை என்றால், நீங்கள் நட்சத்திரத்தை அழுத்தி வரும் சின்னப் பெட்டியில் தேடிக்கொண்டிருக்கலாம். அதில் அது கிடையாது. புக்மார்க்கின்மேல் வலது கிளிக் செய்து திருத்தும் பெட்டியில் பாருங்கள்.

இதே முறையில் தமிழ் விக்சனரி, யூடியூப், வரைபடம், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பு என்று ஆளுக்கொரு எழுத்து ஒதுக்கலாம். சொந்தமாகத் தேடல் பெட்டி இல்லாத தளத்துக்கும் வழி உண்டு: தேடுபொறியில் தளத்தின் பெயரைக் குறிப்பிட்டு அதற்குள் மட்டும் தேடுங்கள், வரும் முகவரியில் சொல்லின் இடத்தில் %எஸ் வைத்தால் போதும். பழந்தமிழ் நூல்களை இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தில் ஒரு வரியைத் தேட இப்படி ஒரு கட்டளை வைத்துக்கொள்வது படிப்பவர்களுக்கும் எழுதுபவர்களுக்கும் நிறைய நேரம் மிச்சம் பிடிக்கும்.

சில தளங்களில் இது பலிக்காது. தேடிய பிறகும் மேலே முகவரி மாறாமல் அப்படியே இருந்தால், நீங்கள் தட்டிய சொல் முகவரி வழியாகப் போகவில்லை என்று அர்த்தம். %எஸ் வைக்க இடமே இல்லை. கேப்சா கேட்கும் அரசுத் தளங்களும் அப்படியே.

ஒரு முகவரிக்குள் இரண்டு இடத்தில் %எஸ் வைத்தால் இரண்டிலும் ஒரே சொல்தான் போய் விழும். ‘சென்னையிலிருந்து சேலம்’ என்று இரு தனித்தனிச் சொற்களைப் பிரித்துக் கொடுக்க இதில் வசதியில்லை. பெரிய எழுத்து எஸ் வைத்தால், தட்டியது %ஈ0 போன்ற வடிவத்துக்கு மாறாமல் உள்ளது உள்ளபடி போகும். சாய்கோடு உள்ள பாதைகளைக் கொடுக்கும்போது அது தேவைப்படும். தமிழ்ச் சொல்லுக்குச் சிறிய எழுத்தே சரி.

%எஸ் இல்லாத கீவேர்டு என்றால் அதை மட்டும் தட்டி எண்டர் அடிக்க வேண்டும். பின்னால் வேறு சொல் சேர்த்தால் அது கட்டளையாகவே கொள்ளப்படாமல் முழு வரியும் தேடுபொறிக்குப் போய்விடும். கீவேர்டைத் தப்பாகத் தட்டினாலும் இதே கதிதான். பிழைச் செய்தி எதுவும் வராது, கூகுள் பக்கம் வந்து நிற்கும்.

தமிழ் விசைப்பலகையில் வரும் சிக்கல்

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எந்த வழிகாட்டியும் சொல்லாத தொல்லை இது. கட்டளை ஆங்கில எழுத்தில், தேடும் சொல் தமிழில். ஒவ்வொரு முறையும் நடுவில் விசைப்பலகையை மாற்ற வேண்டியிருந்தால் ஒற்றை எழுத்துக் கட்டளையால் மிச்சமான நேரம் அங்கேயே போய்விடும்.

கீவேர்டு ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று விதியில்லை. தமிழ்99 விசைப்பலகையில் ஆங்கில ‘வி’ விசையிலேயே ‘வ’ இருக்கிறது. ஆகவே ஆங்கில எழுத்துக்கு ஒன்று, ‘வ’ எழுத்துக்கு ஒன்று என இரண்டு கீவேர்டு வைத்துவிட்டால் விசைப்பலகை எந்த நிலையில் இருந்தாலும் அதே விரல், அதே விசை. ஒலிபெயர்ப்பு முறையில் தட்டுபவர்களுக்கு அந்த விசையில் பெரும்பாலும் ‘வ்’ என்று புள்ளியோடு வரும். கீவேர்டையும் புள்ளியோடே வையுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் கீவேர்டை புக்மார்க்கோடு அல்ல, முகவரியோடு பிணைக்கிறது. ஒரே முகவரிக்கு இரண்டு புக்மார்க் செய்து இரண்டாவதற்கு ‘வ’ கொடுத்தால், முதலாவது சத்தமில்லாமல் செத்துப்போகும். இரண்டாவது முகவரியின் கடைசியில் #2 என்று சேர்த்துவிடுங்கள். தளத்துக்கு அதனால் எந்த வித்தியாசமும் இல்லை, ஃபயர்ஃபாக்ஸுக்கு மட்டும் அது வேறு முகவரி.

சில தமிழ்99 மென்பொருள்களில் ^ விசை சிறப்புக் குறிகளுக்கென ஒதுக்கப்பட்டிருக்கும், தட்டினால் உடனே விழாது. அப்படியானால் ஹிஸ்டரித் தேடலுக்கு மட்டும் ஆங்கிலத்துக்கு மாறித்தான் ஆக வேண்டும்.

குரோமில்

குரோமில் குறிகளுக்குப் பதில் @. அதை மட்டும் தட்டினாலே டேப், புக்மார்க், ஹிஸ்டரி என்று பட்டியல் விரியும். 2022 டிசம்பரில் வந்த வசதி. சொந்தக் கட்டளைக்கு செட்டிங்ஸில் தேடுபொறிப் பகுதிக்குப் போய், தளத் தேடல் என்ற பட்டியலில் பெயர், ஷார்ட்கட், %எஸ் உள்ள முகவரி மூன்றையும் சேர்க்க வேண்டும். பட்டையில் ஷார்ட்கட்டைத் தட்டியதும் டேப் விசை அல்லது ஸ்பேஸ். ஸ்பேஸ் வேலை செய்யவில்லை என்றால் அதே பக்கத்தில் ‘டேப் மட்டும்’ என்ற தேர்வு இருக்கிறதா பாருங்கள். நீங்கள் போய்வந்த தளங்களைக் குரோம் தானாகவே செயலற்ற பட்டியலில் சேர்த்து வைத்திருக்கும். அவற்றை ஒரு கிளிக்கில் உயிர்ப்பிக்கலாம், புதிதாகத் தட்டத் தேவையில்லை.

இன்னும் ஆழமாகப் போக

இது பழைய ஆசை. மோசில்லா லேப்ஸ் 2008-இல் யுபிக்விட்டி என்ற சோதனை நீட்சியை வெளியிட்டது: பக்கத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுத்து, ‘இதை வரைபடத்தில் காட்டு’ என்பதுபோல் வாக்கியமாகவே கட்டளை இடலாம். அது நிலைக்கவில்லை. விசைகளாலேயே இயங்கும் விம் எடிட்டரைப் போல பிரவுசரை ஓட்ட வைத்த விம்பரேட்டர் நீட்சி, 2017 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 57 பழைய வகை நீட்சிகளைக் கைவிட்டபோது நின்றுபோனது. அந்த இடத்தை இன்று டிரைடாக்டில் என்ற நீட்சி நிரப்புகிறது. கோலன் தட்டினால் கீழே கட்டளை வரி திறக்கும்; எஃப் தட்டினால் பக்கத்தில் உள்ள ஒவ்வொரு லிங்கின்மேலும் ஒன்றிரண்டு எழுத்து தோன்றும், அதைத் தட்டினால் கிளிக். பிரவுசரின் சொந்த செட்டிங்ஸ் பக்கங்களிலும் மோசில்லாவின் நீட்சித் தளத்திலும் மட்டும் அது இயங்காது. பாதுகாப்புக்காக ஃபயர்ஃபாக்ஸே நீட்சிகளை அங்கே தடுக்கிறது, ஆகவே திரும்ப நிறுவிப் பார்த்துப் பயனில்லை.

முழு பிரவுசரையே கட்டளையால் ஓட்ட விரும்பினால் க்யூட்பிரவுசர். ஃப்ளோரியன் ப்ரூஹின் 2013-இல் தொடங்கியது, பைத்தானில் எழுதப்பட்டது. மெனு கிடையாது, பொத்தான்கள் கிடையாது. தேடல் முகவரியில் %எஸ் இடத்தில் இங்கே நெளிவு அடைப்புக்குறி ஜோடி, {} வரும். விளம்பரத் தடுப்பு உள்ளேயே இருக்கிறது, ஆனால் குரோம் நீட்சிகள் எதுவும் இதில் ஓடாது. முதல் நாளே வங்கி வேலைக்கு இதை நம்பி உட்கார வேண்டாம். பக்கத்தில் ஃபயர்ஃபாக்ஸ் இருக்கட்டும்.

இந்த இரண்டிலும் தமிழ் விசைப்பலகை மறுபடி குறுக்கே நிற்கும். தமிழ்99-இல் எஃப் விசை புள்ளி, ஜே விசை ‘ப’, கே விசை ‘ம’. தமிழில் தட்டிவிட்டு ஆங்கிலத்துக்கு மாற மறந்தால் எந்தக் கட்டளையும் அசையாது, நீட்சி கெட்டுவிட்டது என்று தோன்றும். டிரைடாக்டிலில் விசையின் எழுத்தைப் பார்க்காமல் அதன் இடத்தை மட்டும் பார்க்கச் சொல்லும் அமைப்பு ஒன்று உண்டு. இதே வகையைச் சேர்ந்த விமியம் நீட்சியிலும் விசைப்பலகை அமைப்பைப் பொருட்படுத்தாதே என்ற தேர்வு உண்டு. க்யூட்பிரவுசரில் எந்த விசையை எந்த விசையாகக் கொள்ள வேண்டும் என்று பட்டியல் எழுதி வைக்கலாம். நிறுவியதும் முதல் வேலையாக இதைச் செய்துவிடுங்கள்.