மீளப்பெறப்பட்ட ஸ்பிரிங்கிளர் ஹெட்: கண்டுபிடிப்பதிலும் மாற்றுவதிலும் நடக்கும் தவறுகள்

“அதெல்லாம் அமெரிக்காவில் நடந்த கதை. எங்கள் கட்டடத்துக்கும் அதுக்கும் என்ன?” தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கக் கூரையில் பூட்டுவது ஸ்பிரிங்கிளர் ஹெட். கோளாறு கண்டு உற்பத்தியாளரே மீளப்பெற்ற ஹெட்டுகள் பற்றி யாழ்ப்பாணத்தில் கதைத்தால் இப்படித்தான் கேட்பார்கள். பாதி நியாயம் இருக்கிறது. 2009க்குப் பிறகு எழுந்த ஹோட்டலோ கடைத்தொகுதியோ புதுச் சாமான் வாங்கிப் பூட்டியிருந்தால், மீளப்பெற்ற வகைகளின் பட்டியலில் உள்ள ஹெட் அங்கே இருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் இடித்த கட்டடத்தில் கழற்றியது, களஞ்சியத்தில் பல காலம் கிடந்தது, மலிவாக வந்தது என்று ஏதாவது கலந்திருந்தால் கணக்கு மாறும். அதைவிட, அவை ஏன் மீளப்பெறப்பட்டன என்ற காரணம்தான் நமக்கு முக்கியம்.

1998இல் சென்ட்ரல் என்ற அமெரிக்க ஸ்பிரிங்கிளர் நிறுவனத்தின் ஒமேகா வகை ஹெட்டுகள் சுமார் 8.4 மில்லியன் மீளப்பெறப்பட்டன. 2001இல் அதே நிறுவனத்தின் வேறு வகைகள் இன்னும் 35 மில்லியன் அளவில். ஜெம், ஸ்டார் என்ற பெயர்களில் விற்ற சிறு தொகையும் அதில் சேர்ந்தது. சிக்கல் உள்ளே தண்ணீர் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ றிங்கில். தீயின் சூட்டில் கண்ணாடிக் குமிழ் வெடித்ததும் (சில வகைகளில் உலோக இணைப்பு உருகியதும்) அடைப்பான் கழன்று விழ வேண்டும், தண்ணீர் பாய வேண்டும். அரிப்பாலும் தண்ணீரில் உள்ள கனிமங்கள், உப்புகளாலும் அந்த றிங் கெட்டுப்போனால், வேண்டிய நேரத்தில் ஹெட் திறக்காமலே நின்றுவிடலாம். சுண்ணக்கல்லில் ஊறி வரும் குடாநாட்டுக் கிணற்றுத் தண்ணீர் கேத்திலில் விடும் படிவு நமக்குத் தெரிந்ததே. கடலோரங்களில் உவரும் சேரும். அதையே தீயணைப்புத் தாங்கியில் நிரப்பி வருடக்கணக்காகக் குழாயில் தேக்கி வைக்கிற ஊருக்கு, அமெரிக்கக் கதை தூரத்துக் கதை இல்லை.

ஒழுகாவிட்டால் நல்ல ஹெட் என்று நினைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. இந்தக் கோளாறு ஒழுகவே வேண்டியதில்லை. கீழே நின்று பார்த்தால் பளபளவென்றுதான் இருக்கும். லைற்றரைப் பிடித்துச் சோதிப்பவர்களும் உண்டு. குமிழ் வெடித்தால் அறை முழுக்கத் தண்ணீர், வெடிக்காவிட்டால் சூடுபட்ட ஹெட் ஒன்று கையில்.

அடையாளம் காண ஏணி போட்டு ஏறித்தான் ஆக வேண்டும். தண்ணீரைச் சிதறடிக்கும் தட்டிலும் சட்டத்திலும் எழுத்துகள் பொறித்திருக்கும். 2001 பட்டியலில் உள்ளவற்றில் சென்ட்ரல் அல்லது ஸ்டார் என்ற பெயர், சிஎஸ்சி என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், முக்கோணத்துக்குள் ஜி, அல்லது நட்சத்திரக் குறி, இவற்றில் ஒன்று இருக்கும். இங்கேயும் பலர் அவசரப்படுகிறார்கள். சென்ட்ரல் என்று கண்டதும் எல்லாவற்றையும் கழற்றுவது வீண் செலவு. ஓ றிங் இல்லாத வகைகள் பட்டியலில் இல்லை. மாதிரியையும் ஆண்டையும் சேர்த்து வாசியுங்கள். பெயின்ற் பூசி எழுத்து மறைந்திருந்தால் சுரண்டி வாசிக்க மெனக்கெட வேண்டாம். தொழிற்சாலையில் அல்லாமல் பிற்பாடு பெயின்ற் பூசப்பட்ட ஹெட்டை எந்தப் பட்டியலும் பார்க்காமலே மாற்ற வேண்டும்.

ஒரு மூலையில் பார்த்துவிட்டு முழுக் கட்டடத்துக்கும் முடிவு சொல்வதும் வழக்கம். மாடிக்கு மாடி வேறு வேறு தொகுதி வந்திருக்கலாம். தரைப்படத்தில் ஒவ்வொரு இடத்தையும் குறித்துப் படம் எடுத்து வையுங்கள். கடல்காற்று அடிக்கிற இடமென்றால் பட்டியலோடு மட்டும் நிற்கவும் கூடாது. அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ 25 என்ற பராமரிப்பு நியமம், அரிப்புள்ள சூழலில் 5 வருடத்துக்கு ஒரு முறை மாதிரிக்குச் சிலதைக் கழற்றி ஆய்வுகூடத்துக்கு அனுப்பச் சொல்கிறது: குறைந்தது 4, அல்லது 100க்கு 1, எது கூடவோ அது.

சரி, மாற்ற வேண்டும் என்று முடிவாகிவிட்டது. குமிழின் நிறத்தைப் பார்த்து வாங்கினால் வெப்ப அளவு மட்டும்தான் பொருந்தும்: சிவப்பு 68 பாகை, மஞ்சள் 79, பச்சை 93. தண்ணீர் எவ்வளவு பாயும் என்ற கே எண், மேல்நோக்கியதா கீழ்நோக்கியதா, குமிழ் மெல்லியதா தடித்ததா என்பதும் ஒத்துப்போக வேண்டும். மெல்லிய 3 மில்லிமீற்றர் குமிழ் சீக்கிரம் வெடிக்கும், 5 மில்லிமீற்றர் தாமதிக்கும்.

நம் பிளம்பர்மாரை ஏமாற்றுவது புரிதான். அரை அங்குல அமெரிக்கப் புரியும் நாம் பாவிக்கும் பிரித்தானியப் புரியும் இரண்டுமே அங்குலத்துக்கு 14 சுற்று. ஆகவே ஒன்று மற்றதில் ஏறிவிடும், கோணம்தான் வேறு. டெஃப்லோன் டேப்பைக் கூடச் சுற்றி இறுக்கினால் அன்றைக்கு நிற்கும், பிறகு கசியும். குழாய்க் குறடால் சட்டத்தைப் பிடித்துத் திருகாதீர்கள்; அந்த ஹெட்டுக்கான சாவி இருக்கிறது, அதைத்தான் பாவிக்க வேண்டும்.

வேலைக்கு வால்வை மூடும்போது, அழுத்தம் விழுந்து பம்ப் தானாக ஓடாமல் இருக்க அதையும் நிறுத்துவார்கள். மாலையில் வால்வைத் திறந்துவிட்டுப் பம்பைப் பழையபடி தானியங்கி நிலைக்குத் திருப்ப மறப்பது, தவறான ஹெட் பூட்டுவதைவிட மோசம். யார் மூடினார், யார் திறந்தார் என்று எழுதி பம்பிலேயே தொங்கவிடுங்கள். மூடியிருக்கும் நேரத்தில் மாடிகளைச் சுற்றிப் பார்க்க ஒருவரை விடுங்கள். இரவுக்கு மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டாம்.

கழற்றிய பழசை “ஸ்பெயாருக்கு இருக்கட்டும்” என்று பெட்டியில் போட்டு வைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். குமிழை உடைத்து, சட்டத்தை வளைத்த பிறகுதான் பழைய இரும்புக்காரரிடம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அது இன்னொரு கட்டடத்தில் ஏறிவிடும். 300க்குக் குறைந்த ஹெட் உள்ள கட்டடத்துக்கு மேலதிகமாக வைத்திருக்க வேண்டியது குறைந்தது 6, எல்லாம் புதுசு, பூட்டியிருக்கும் வகைகளிலேயே, சாவியோடு.