அன்புக்குரிய கலைஞர் திடீரென மறைந்தால்: தெருவில் அஞ்சலி செலுத்தும் முறை

செய்தி வந்தவுடன் மாலை வாங்கக் கிளம்பாமல், குடும்பத்தாரோ மருத்துவமனையோ உறுதி செய்யும் வரை காத்திருங்கள். உயிரோடிருப்பவருக்குக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டுவது பெருங்கொடுமை. சேலம் அம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டை போன்ற நெருக்கமான தெருக்களில், ஆம்புலன்ஸுக்கு வழிவிட்டு, மறைந்தவரின் படத்தை ஓரமாக வையுங்கள். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் முன்அனுமதி பெறுங்கள்.

நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 17 அன்று 59 வயதில் மறைந்தபோது, மரம் நடுவதையே தம் தொண்டாகக் கொண்டிருந்த அவருக்காகப் பலரும் கன்று நட்டார்கள். அதைவிடச் சிறந்த அஞ்சலியை நான் அறியேன். ஆனால் சேலத்துச் சித்திரை வெயிலில் நட்டுவிட்டுப் போனால் கன்று பிழைக்காது. முழங்கை ஆழக் குழியில் மக்கிய சாணத்தை மண்ணோடு கலந்து, வேம்போ புங்கனோ நட்டு, சுற்றிலும் வட்டப்பாத்தி கட்டி, ஆடு மேயாதபடி முள் அடைத்து, மழைக்காலம் வரை எந்த நாளில் யார் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது என்பதை அங்கேயே பேசி முடிவு செய்யுங்கள். ஏற்காட்டில் இருப்பவர்கள் பருவமழை தொடங்கிய பின் நடலாம்.

அழுபவரை அழ விடுங்கள். மூலையில் பேச்சற்று உட்கார்ந்திருக்கும் இளைஞரிடம், "சாப்பிட்டியா தம்பி?" என்று கேட்டு, டீ வாங்கிக் கொடுத்து அருகில் அமருங்கள். இனி வாழ்ந்து என்ன பயன் என்று அவர் சொன்னால், தனியே அனுப்பாமல் உடன் சென்று வீட்டாரிடம் சேர்த்து, 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணை அழைத்து ஆலோசனை கேளுங்கள்.