வீணையில் முதல் அரை மணி நேரம்: உருப்படி தேர்வு முதல் மேடை வரை

போன நவராத்திரிக்கு எங்கள் தெருக் கோயிலில் அரை மணி நேரம் வீணை வாசிக்கச் சொன்னார்கள். தனியாக வாசிப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. மூன்று மாதம் தயார் செய்தேன். வர்ணம் வரை பாடம் முடித்து, அடுத்து என்ன செய்வது என்று நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உட்காரும் முறையும் விரல் வைப்பும் உங்கள் ஆசிரியர் சொல்லித் தந்திருப்பார்.

1. ஐந்து உருப்படிகள் போதும்

அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) நிலைப்படுத்திய கச்சேரி முறையில் முதலில் வர்ணம் வரும். அதையே வைத்துக்கொள்ளுங்கள், கை சூடேற அதைப்போல வேறு இல்லை. நான் முதலில் போட்ட வரிசையில் மோகன வர்ணத்துக்கு அடுத்து ஹம்சத்வனி இருந்தது. இரண்டுக்கும் ஸ, ரி, க, ப பொது. ஒன்றில் தைவதம், மற்றதில் நிஷாதம், அவ்வளவுதான் வித்தியாசம். அடுத்தடுத்து வாசித்தால் ராகம் மாறியதே கேட்பவருக்குத் தெரியாது. அதனால் வர்ணத்தை ஆபோகி ராகத்துக்கு மாற்றினேன். கடைசி வரிசை இது: ஆபோகி வர்ணம், ஹம்சத்வனியில் முத்துசுவாமி தீட்சிதரின் ‘வாதாபி’, கல்யாணியில் மூன்று நிமிடம் தானம் (தாளம் இல்லாமல், ஆனால் ஓட்டத்தோடு ராகத்தை விரிப்பது), அதைத் தொடர்ந்து சியாமா சாஸ்திரியின் ‘ஹிமாத்ரிசுதே’, முடிவில் பாரதியின் ‘வெள்ளைத் தாமரை’.

தானத்தை விட்டுவிடாதீர்கள். அது வீணைக்கென்றே அமைந்தது போன்ற ஒன்று. ‘அனந்தம், ஆனந்தம்’ என்று வாயால் சொல்லிக்கொண்டே மீட்டிப் பழகுங்கள், ஓட்டம் தானாக வரும்.

2. சாகித்யத்துக்கு (பாட்டின் சொற்களுக்கு) மீட்டு

நான் வெகுநாள் தடுக்கி நின்ற இடம் இது. ஸ்வரங்களைத் தாளில் எழுதி, ஸ்வரத்துக்கு ஒரு மீட்டு (வலது கை விரலால் தந்தியை ஒரு தடவை சுண்டுவது) என்று ‘வாதாபி’யைப் பாடம் செய்தேன். ஸ்வரம் சரி, தாளமும் சரி. ஆனால் அந்தப் பாட்டை ஐம்பது வருடமாகக் கேட்டுவரும் என் பெரியம்மா, “இது என்ன பாட்டும்மா?” என்று கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மீட்டு பாட்டின் எழுத்தைச் சொல்ல வேண்டும். ‘வா-தா-பி-க-ண-ப-திம்’ என்பதில் ஏழு எழுத்து, ஏழு மீட்டு. ‘வா’ நீளும்போது அதற்குள் வரும் ஸ்வரங்களை வலது கை தொடக் கூடாது. இடது கை மெட்டின் (தந்திக்கு அடியில் உள்ள குறுக்குக் கம்பி) மேல் நகர்ந்தும் தந்தியை இழுத்தும் கொடுக்க வேண்டும்.

இப்படிச் செய்யுங்கள். நோட்டில் மேல் வரியில் ஸ்வரம், கீழ் வரியில் சாகித்யம் எழுதி, எழுத்து விழும் ஸ்வரத்தின் தலையில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். வீணையைத் தொடாமல், தாளம் போட்டு ஒரு வாரம் வாய்விட்டுப் பாடுங்கள். அப்புறம் ஒரு நாளைக்கு ஒரு வரி மட்டும் வாசியுங்கள். கார்வை (ஸ்வரம் நீண்டு நிற்பது) மிக நீண்டு நாதம் அடங்கிவிட்டால் நடுவில் மெதுவாக ஒரு மீட்டு சேர்க்கலாம். பல்லவியின் எல்லாச் சங்கதிகளுக்கும் (ஒரே வரியை மாற்றி மாற்றி வாசிக்கும் விதங்கள்) இதே விதிதான். முதல் சங்கதியில் சரியாக மீட்டிவிட்டு, மூன்றாவதில் பழைய பழக்கத்துக்குப் போய்விடுவோம். போனில் பதிவு செய்து கேட்டால் உடனே தெரியும்.

தீட்சிதர் கிருதிகளில் மத்தியமகால சாகித்யம் (வேகம் கூடும் பகுதி) வரும்போது எழுத்துகள் நெருங்கும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி மீட்ட வேண்டும். அந்தப் பகுதியை மட்டும் பாதி வேகத்தில் இருபது தடவை வாசியுங்கள்.

3. கருவிகள்

சுருதி காட்டும் ஆப்பை, சாரணி (முதல் தந்தி) சேர்க்கும்போது மட்டும் பாருங்கள். மற்ற தந்திகளைக் காதால் சேருங்கள். நெளி (விரலில் மாட்டும் கம்பி வளையம்) மாட்டி வாசிப்பதைவிட நகத்தால் வாசிக்கும் நாதமே எனக்குப் பிடிக்கும். சின்ன இடமென்றால் குடத்தில் ஒட்டும் மைக் வேண்டாம். அது மீட்டின் தட்டலைப் பெரிதாக்கி, இழுப்பின் நயத்தை மறைக்கிறது. குடத்துக்கு முன் ஓரடி தள்ளிச் சாதாரண மைக் வைத்தால் போதும்.

4. அந்த நாள்

அரை மணி முன்னதாகப் போய், வாசிக்கும் இடத்திலேயே வீணையை வைத்துவிடுங்கள். சூடும் குளிரும் மாறினால் சுருதி நகரும். வெயிலில் நிற்கும் காருக்குள் வீணையை விடவே கூடாது, மெழுகு இளகி மெட்டு நகர்ந்தால் மறுபடி மேளம் கட்ட (மெழுகில் மெட்டுகளைச் சரியான இடத்தில் பதிக்க) வேண்டியதுதான். ஒவ்வொரு உருப்படிக்கும் முன் ராகம், இயற்றியவர் பெயர் சொல்லுங்கள். பாட்டின் பொருளை ஒரே வாக்கியத்தில் சொன்னால் வார்த்தை இல்லாத வாசிப்பிலும் மனம் ஒட்டும்.

பின்சேர்க்கை

இரண்டாம் பகுதியில் சொன்னபடி பாடிப் பார்த்தால் வீணையின் சுருதியில் பாட வரவில்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். என் வீணையின் சுருதி மூன்று கட்டை, குரலின் சுருதி ஐந்தரைக் கட்டை. நானும் தனியாகத் தம்புரா வைத்து என் சுருதியில்தான் பாடிப் பழகினேன். எழுத்து எங்கே விழுகிறது என்பது எந்தச் சுருதியில் பாடினாலும் மாறாது.

தாளத் தந்தியை (தாளம் காட்டப் பக்கவாட்டில் உள்ள தந்தி) தொட்டால் மீட்டு தவறுகிறது என்று இன்னொருவர் கேட்டார். முதல் மாதம் அதை விட்டுவிடுங்கள். பிறகு ஆதி தாளத்தில் சமத்தில் (முதல் தட்டில்) மட்டும் சுண்டுவிரலால் தொடுங்கள். அது கை தானாகச் செய்யும் நிலை வந்ததும் ஐந்தாவது, ஏழாவது எண்ணிக்கையில் விழும் தட்டுகளிலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.